யமுனா சொல்லாமல் விட்டது

சித்தூரில் புது வீட்டுப் பால் பொங்கி மூன்று நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஹோமம் முடிந்து, இலை போட்டு, வந்தவர்களெல்லாம் வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போனதை நாமும் கூட இருந்து பார்த்தோம். அந்த வீட்டுக்காரி, மாப்பிள்ளை கிஷோரின் அம்மா ஷோபா, அத்தனை பேர் முன்னாலும் மருமகளாக வரப்போகும் ரூபாவைக் கூப்பிட்டு, கூடத்தில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டி மீனுக்கு அவள் கையால் முதல் இரை போடச் சொன்னதையும் பார்த்தோம். நெற்றியில் கொண்டை புடைத்த சிவப்பு மீன் அது. ரூபா விரல் நுனியால் இரையைப் போட்டாள். அது பாய்ந்து வந்து கவ்வியது. கூடமே கை தட்டியது.

அந்த மீன் செத்துப்போய்விட்டது.

புதன்கிழமை விடியும் நேரத்தில் நகரியில் ரூபாவின் அண்ணன் முரளியின் போன் அடித்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விசைத்தறிக் கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆறேழு தடவை “சரிங்க சம்பந்தியம்மா” சொன்னான். வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தான்.

“நேத்து சாயங்காலம் மீனு போய்டுச்சாம்.”

அவன் மனைவி யமுனா இட்லித் தட்டைக் கீழே வைத்தாள்.

“பொண்ணு கையால இரை வாங்கின மீனு, மூணு நாளு தாங்கலியேன்னு கேக்கறாங்க. இன்னிக்கி உன் கடைக்கு வராங்களாம். இது மீனோட கோளாறா, இல்ல வேற எதுனாவான்னு உன் வாயால தெரிஞ்சிக்கணுமாம்.”

“வேற எதுனான்னா?”

“உனுக்குத் தெரியாதா? ரூபா கை ராசிதான்.”

அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்த ரூபாவின் சீப்புச் சத்தம் நின்றுவிட்டது. முரளி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நீ மீன் கடையில கீறவ. நீ சொன்னா நம்புவாங்க. மீனு வூட்டுக் கஷ்டத்த வாங்கிக்கினு போச்சு, நல்லதுதான்னு சொல்டு.”

“எங்க ஓனர் சொல்ற வார்த்த.”

“அதேதான்.”

“ரெண்டு வருஷமா அத ஒருத்தர்ட்டயும் நான் சொன்னதில்லீங்க.”

“இன்னிக்கி சொல்லு. ரூபாவுக்கோசரம் சொல்லு.” முரளி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். “எனுக்குத் தூக்கம் வருது யமுனா. பதில் பேசிக்கினு நிக்க முடியல.”

பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவர்களுக்காக இதை இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். யமுனாவுக்குக் கலர் மீன் பிடிக்காது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் கோவர்த்தனன் நடத்தும் கலர் மீன் கடையில் அவளுக்கு வேலை. குழம்பில் கிடக்கும் மீனோடு அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிக்குள் விட்டு, அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவதை உட்கார்ந்து பார்ப்பதில் என்ன சுகம் என்றுதான் இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. தினமும் கடை திறந்ததும் முதல் வேலை, செத்து மிதப்பவற்றை வலையால் அள்ளி எடுப்பது. உப்பும் மருந்தும் பட்டு விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போவதில்லை. வேறு வேலை கிடைக்கவில்லை, இதில் இருக்கிறாள்.

பிடிக்காத சரக்கைப் புகழ்ந்து விற்க அவளுக்கு வாய் வராது. அதனால் தெரிந்ததை மட்டும் சொல்லி விற்கப் பழகிக்கொண்டாள். யார் மீன் கேட்டு வந்தாலும் ஏழு விஷயம் சொல்வாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே என்பது முதலாவது. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகை எதையும் காற்று பம்புக்குப் பக்கத்தில் விடாதே என்பது ஏழாவது. ஏழையும் கேட்டுவிட்டு “அப்ப வேணாம்மா” என்று கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. மீதிப் பேர் வாங்கிப் போவார்கள். அவர்கள் வீட்டு மீன் பிழைத்துக் கிடக்கும், அவர்களும் திரும்பத் திரும்ப வருவார்கள்.

இத்தனை பேருக்குச் சொன்னவள் ஒரே ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. ஷோபாவுக்கு.

ஷோபா மீன் வாங்க வந்த அன்று, அவள் கடைக்கு வந்து சேருமுன்பே முரளி யமுனாவுக்குப் போன் செய்துவிட்டான். “கொற கிற சொல்லி அந்தம்மாவ பயமுறுத்தாத. சம்பந்தம் நல்லபடியா முடியட்டும்.” யமுனாவுக்கும் அந்த ஆசைதான். ஷோபா கொண்டை மீனைக் காட்டி, “இது ராசியான மீனா?” என்றாள். “நல்ல மீன்தாங்க” என்று மட்டும் சொல்லி யமுனா கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் நடுவில் ஹோமம் எரிந்தபோது, மீன்தொட்டியின் பம்பு தரையில், புகைக்கு நேரே இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பம்பு என்பது கைக்குள் அடங்கும் பெட்டிதான். கூடத்துக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழியாக விடும். கூடத்தில் புகை இருந்தால் அது புகையைத்தான் உறிஞ்சும். யமுனா எழுந்திருக்கப் போனாள். முரளி அவள் முழங்கையை அழுத்தினான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

காலை வண்டியில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரூபாவுக்கு வேலை திருப்பதியில் ஒரு ஜவுளிக் கடையில். இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்புகிறவர்கள். புத்தூர் தாண்டியதும் ரூபா கேட்டாள்.

“அண்ணி, நெசமாவே எதனால செத்துச்சி?”

யமுனா மறைக்கவில்லை. பம்பு, புகை, தான் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ரூபா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டாள்.

“அத அங்க சொல்லாத அண்ணி.”

“ஏன்?”

“ஹோமப் பொகையால மீனு செத்துச்சின்னா, அவங்க பூஜையவே தப்பு சொன்ன மாரி ஆய்டும். அந்தம்மா அத தாங்க மாட்டாங்க. கஷ்டத்த வாங்கிக்கினு போச்சின்னு சொல்டு. ஒரு வார்த்ததான?”

“ரூபா…”

“எனுக்கு அலுத்துப்போச்சி அண்ணி.” ரூபாவின் குரல் உயரவில்லை. “மொதல்ல வந்தவங்க ஜாதகம் சரியில்லன்னு போனாங்க. ரெண்டாவது வந்தவங்க கவர்மெண்ட் வேலைக்காரப் பொண்ணு கெடச்சிடுச்சின்னு போனாங்க. திரும்பவும் பொடவ கட்டிக்கினு, காபித் தட்டத் தூக்கிக்கினு, யார் முன்னாலயும் போயி நிக்க என்னால ஆவாது. கிஷோர் நல்லவரு. என்னப் புடிச்சிக் கீது அவருக்கு. இத வுட்டுட்டா நான் அப்டியே இருந்துட்றேன், சரியா?”

யமுனா அவள் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி நகரி வீட்டுக்கு வந்தபோது இந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. அவள் அப்பா, அந்த வீட்டு நைனா, அதற்கு முன்பே போய்விட்டார். மறு வருஷமே மாமியார் செங்கம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ரூபாவுக்குத் தலை பின்னியது, ஜுரத்தில் பக்கத்தில் படுத்தது, பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியது எல்லாமே யமுனாதான். மணையில் ஜோடியாக நின்று தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறவர்களும் முரளியும் அவளும்தான். ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது.

“பாக்கலாம்” என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

கடையில் அன்று முதல் வியாபாரமே அவளிடம்தான் வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் பெண். மேஜை மேல் வைக்க உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் அதில் விட இரண்டு தங்க மீனும் கேட்டாள்.

“கிண்ணத்துல தங்க மீனு வேணாங்க. ஒரு மாசம்கூட இருக்காது.”

“எல்லாரும் வெக்கிறாங்களே?”

“வெக்கிறாங்க. அப்பறம் வந்து வேற வாங்கிக்கினு போறாங்க.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “உங்க வீட்ல எத்தன மீன் இருக்கு மேடம்?”

“ஒண்ணும் இல்லீங்க. எனுக்குப் புடிக்காது. ஆனா சாவாம எப்டி வெச்சிக்கறதுன்னு தெரியும்.”

கடைசியில் அவள் ரெண்டடித் தொட்டி ஒன்றை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். தண்ணீர் பழகட்டும், மீன் பதினைந்து நாள் கழித்து என்று பேச்சு. மலையிலிருந்து இறங்கி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்த மூக்குத் தடங்களை யமுனா ஈரத் துணியால் துடைத்தாள். அது தினமும் பத்துத் தடவை செய்கிற வேலை.

கோவர்த்தனன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீன் என்றால் உயிரை விடுகிறவர். ஒவ்வொரு தொட்டிக்கு முன்னாலும் நின்று பேசிவிட்டுத்தான் காலையில் உட்காருவார். மீன் செத்ததையும் முரளி சொல்லச் சொன்னதையும் யமுனாவிடம் கேட்டுவிட்டு நிதானமாகத் தலையாட்டினார்.

“யமுனாம்மா, அந்த வார்த்தைய ஏமாத்தணும்னு நான் சொல்றதில்ல. மீனு செத்துட்டா ஜனம் அழுதுக்கினு வருது. அவங்களுக்கு ஏதோ ஒரு ஆறுதல் வேணும் இல்ல?”

“ஆறுதல் ஆயி வேற மீனும் வாங்கறாங்களே சார்.”

“அவுனு, அதுவும்தான்.” அவர் வெட்கமில்லாமல் சிரித்தார். “உனக்கு மீன் மேல ஆசை இல்ல. அதான் உண்மை உனக்கு சுலபமா வருது. எனக்கு ஆசை ஜாஸ்தி, நான் என்ன பண்றது?”

யமுனா வலையை அலசிக்கொண்டே அதை நினைத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். மீன் மேல் ஆசையில்லை, அதனால் யாரிடமும் உண்மை பேச முடிந்தது. இந்தச் சம்பந்தத்தின் மேல் ஆசை வந்தது, வாய் மூடிக்கொண்டது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸை எடுக்கும் நேரத்தில் ஷோபா வந்தாள். பின்னால் கிஷோர், இரண்டு கையிலும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை ஏந்திக்கொண்டு. சாப்பாட்டு இடைவேளையில் அனுமதி வாங்கிக்கொண்டு ரூபாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கிஷோர் அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். கையில் டப்பா இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

டப்பாவில் ஐஸ் கட்டிக்கு நடுவில் அந்தக் கொண்டை மீன் கிடந்தது. சிவப்பெல்லாம் போய் வெளுத்திருந்தது.

ஷோபா சண்டை போட வரவில்லை. அவள் கண்கள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் யமுனாவுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

“ஏமம்மா யமுனா, ராஜான்னு பேரு வெச்சேன் அதுக்கு. சாயங்காலம் புது வூட்டுக்கு சாம்பிராணி போட்டு, அதுக்கும் காட்டிட்டு, முன்னாலயே ஒக்காந்துக்குவேன். என்னப் பாத்தா மேல ஓடியாந்துடும். வாயத் தொறந்து தொறந்து மூடிச்சி. பாவம், பசின்னு நெனச்சி இன்னும் ரெண்டு இரை போட்டேன். அப்டிப் பாத்துக்கினேன் அத.”

மூச்சுக்குத் தவித்துத்தான் மீன் அப்படி மேலே வந்து வாயைத் திறக்கும். யமுனா அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

“கஷ்டத்த வாங்கிக்கினு போச்சின்னு பக்கத்து வூட்ல சொல்றாங்க. பொண்ணு கை சரியில்லன்னு எங்க நாத்தனார் சொல்றா. எத நம்பறது நானு? ராத்திரி பூரா யோசிச்சேன்.” ஷோபா கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்தாள். “அதனால ஒண்ணு பண்ணலாம். வேற ஒண்ணு குடு. ரூபா கையாலயே தொட்டியில வுடட்டும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. அது நல்லா இருந்துச்சின்னா எல்லாம் சரி, கல்யாணத்த ஆவணியில வெச்சிக்கலாம்.”

“இல்லாட்டி?” என்றாள் யமுனா.

ஷோபா அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

“அம்மா…” என்று ஆரம்பித்த கிஷோர், டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“சரிங்க அத்த” என்றாள் ரூபா, சட்டென்று. “நானே வுட்றேன்.”

கோவர்த்தனன் அதற்குள் பாலிதீன் கவரை உதறித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார். ஷோபா மூன்றாவது தொட்டியில் இருந்த மஞ்சள் மீனைக் காட்டினாள். யமுனா வலையை எடுத்தாள். தண்ணீருக்குள் விட்டாள். அந்த மீன் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது, பிடிப்பது சுலபம்தான்.

நாற்பத்தெட்டு நாள். புதுத் தொட்டி, பழகாத தண்ணீர், சாயங்காலம் தவறாமல் சாம்பிராணி. இது பத்து நாள் தாங்கினாலே பெரிசு. தப்பித்தவறிப் பிழைத்தாலும், கல்யாணம் நடந்தாலும், அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் என்றைக்கு ஒரு மீன் மிதந்தாலும் எல்லோரும் யார் கையைப் பார்ப்பார்கள்?

வலையை வெறுமனே வெளியே எடுத்தாள். தண்ணீர் தரையில் சொட்டியது.

“இத நான் உங்களுக்குத் தரமாட்டேங்க்கா.”

“அண்ணி!” என்றாள் ரூபா.

“ரூபா கைல ஒண்ணுமில்ல. மீனு கஷ்டம் எதையும் வாங்கிக்கல. அது பொகையால செத்துச்சி.” யமுனா கீழே பார்க்காமல், ஷோபாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “அந்தச் சின்னப் பெட்டி கீதே, அது கூடத்துக் காத்த இழுத்து தண்ணிக்குள்ள வுடும். ஹோமத்தன்னிக்கி பொகைக்கு நேர்ல இருந்திச்சி. அப்பறம் தெனம் சாம்பிராணி. அத்தனப் பொகையும் தண்ணிக்குள்ள போய்டுச்சி.”

ஷோபாவின் முகம் மாறியது. “எங்க வூட்டு ஹோமத்தால செத்துச்சின்றியா?”

“ஹோமம் இன்னா பண்ணும்? பொட்டிய வெளிய தள்ளி வெச்சிருந்தா, இல்ல அந்நேரத்துக்கு அமத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. இங்க வரவங்க எல்லார்ட்டயும் அதச் சொல்லித்தான் மீன் தருவேன். ஏழு விஷயம் சொல்லுவேன், வேணும்னா சாரக் கேளுங்க. உங்ககிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல. சம்பந்தி வூட்டுக்காரங்கள பயமுறுத்தக் கூடாதுன்னு வுட்டுட்டேன். தப்பு என்னுது.”

கடையில் அத்தனை பம்புகளும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. கோவர்த்தனன் பாலிதீன் கவரைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்.

“ஞாயித்துக்கெழம நீ வந்திருந்தியே,” என்றாள் ஷோபா மெதுவாக. “கூடத்துலதான ஒக்காந்திருந்த?”

“ஆமாங்க.”

“பொட்டி அங்க கீறத பாத்தியா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். யமுனா சொல்லவில்லை.

“பாத்தேங்க்கா.”

ஷோபா தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசியபோது அவள் குரல் தெளிவாக இருந்தது.

“சரே. பொண்ணு மேல எனக்கு ஒண்ணுமில்ல. அவ கை நல்ல கைதான். கல்யாணம் சொன்ன நாள்ல நடக்கும்.”

ரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். கிஷோர் முதல் தடவையாக டப்பாவைக் கல்லா மேல் வைத்தான்.

“ஆனா யமுனா, நீ கண்ணால பாத்துக்கினு, மனசுல வெச்சிக்கினு, எங்க வூட்டு எலையில ஒக்காந்து துன்னுட்டு எழுந்து போன. அந்த ஜீவன் தவிக்கும்னு தெரிஞ்சும் போன. எனக்கு அது ஆறாது.” ஷோபா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “தார வாக்க நீ நிக்கக் கூடாது. உன் கையால எங்க புள்ள கைல தண்ணி வுழக் கூடாது. வேற ஜோடியப் பாருங்க. இதுக்கு சரின்னா ஆவணிதான்.”

இதை யமுனா எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தாள், மீனுக்குக் காசைத் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தாள். இதை நினைக்கவில்லை.

எல்லோரும் ரூபாவைப் பார்த்தார்கள்.

ரூபா யாரையும் பார்க்கவில்லை. கல்லா மேலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரிங்க அத்த” என்றாள்.

கிஷோர் என்னவோ சொல்ல வாயெடுத்தான். ஷோபா அதற்குள் படியிறங்கிவிட்டாள். அவன் ரூபாவையும் யமுனாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனான். டப்பா அங்கேயே இருந்தது. கோவர்த்தனன் அதை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் மண் ஒட்டியிருந்தது.

“வீட்டுக்குப் போறதுன்னா போ யமுனாம்மா.”

“போயி இன்னா பண்றது சார்” என்றாள் அவள். சாயங்காலம்வரை இருந்து நான்கு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினாள். இரண்டு பேருக்கு மீன் விற்றாள். இருவருக்கும் ஏழு விஷயத்தையும் சொன்னாள்.

திரும்பும் வண்டியில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ரூபாவின் போன் மூன்று தடவை அதிர்ந்தது. திரையில் கிஷோர் பெயர் தெரிந்தது. மூன்று தடவையும் அவள் எடுக்கவில்லை.

“ஒரு வார்த்ததான கேட்டேன் அண்ணி.”

“அந்த வார்த்தையச் சொல்லியிருந்தா, அடுத்த மீனு செத்தன்னிக்கி உன் கையத்தான் பாப்பாங்க. அப்பறம் பாலு திரிஞ்சாலும் உன் கைதான். எத்தினி வருஷம் கைய மறச்சிக்கினு திரிவ?”

ரேணிகுண்டாவில் கூட்டம் ஏறி இறங்கியது. பிறகு ரூபா பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்தாள். மத்தியானம் திறக்கவே இல்லை. இட்லியில் பாதியை மூடியில் வைத்து அண்ணியின் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் தின்றார்கள்.

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. முரளி ஷிஃப்டுக்குக் கிளம்பாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். ஷோபா அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். கல்யாணம் நடக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள் என்று வைத்துவிட்டாளாம்.

“ஆவணி ஆவணிதான்னு சொல்லிட்டாங்க!” முரளியின் முகத்தில் தூக்கமே இல்லை. “இன்னாத்த சொல்லி சமாளிச்ச யமுனா? பாரு, நான்தான் சொன்னேனே, நீ சொன்னா நம்புவாங்கன்னு.”

அவன் மடியில் பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான். யமுனாவின் பிறந்த வீட்டுச் செம்பு அது. அவள் கல்யாணத்தில் அவள் நைனா அதிலிருந்துதான் தாரை வார்த்தார். இத்தனை வருஷமாகப் பரணில் கிடந்தது.

“ரெண்டு மணி நேரமா தேச்சிக்கினு கீறேன். மீதிய நீங்கதான் சொல்லுவீங்கன்னாங்க, அது கெடக்கட்டும் அப்பறம். மொதல்ல இதச் சொல்லு.” முரளி செம்பைத் தூக்கிக் காட்டினான். “நீயும் நானும் இதுலயே வாக்கலாமா? இல்ல புதுசா வெள்ளியில வாங்கணுமா?”

ரூபா படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள். கெஞ்சுகிற கண்ணோடு அண்ணியைப் பார்த்தாள். பத்து வயதிலிருந்து அவளுக்குச் சொல்ல வராததையெல்லாம் அண்ணிதான் சொல்லியிருக்கிறாள்.

யமுனா செருப்பைக் கழற்றினாள். கையில் மீன் வாடை அடித்தது. முதலில் கை கழுவ வேண்டும்.

“என்னக் கேக்காதீங்க,” என்றாள். “ரூபாவக் கேளுங்க.”

முரளி செம்பைக் கையில் பிடித்தபடியே தங்கையின் பக்கம் திரும்பினான்.